அழைப்பிதழில் பதினேழு பெயர்

தருமபுரியில் ஒரு பதிப்பாசிரியர் பெயரால் நான்கு ஆண்டுகள் நடந்த சொற்பொழிவு: ஒரு நிகழ்வு ஆய்வு

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நான் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று இருபது வருடமாக அடுத்தவர் எழுதியதைத் திருத்துவதுதான் பிழைப்பு. ஒரு பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று நேரில் பார்த்தவன். அந்தப் பயத்தில்தான் எங்கள் முதல் சொற்பொழிவின் அழைப்பிதழில் யாரையும் விடாமல் போட்டேன். தலைமை ஒருவர், முன்னிலை நால்வர், வரவேற்புரை, நோக்கவுரை, வாழ்த்துரை ஏழு பேர், சிறப்புரை, நன்றியுரை, தொகுப்புரை. எண்ணிப் பார்த்தால் பதினேழு. யாருக்காகக் கூட்டமோ அந்தப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரனின் பெயர் மேலே ஓரமாகச் சின்ன எழுத்தில் இருந்தது.

கிருஷ்ணகிரியில் இதுபோல ஒன்று தொடங்க நினைக்கும் நண்பர்கள், "எப்படி நடத்தினீங்க, எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். எப்படி நடத்தினோம் என்பதைவிட எப்படிச் சொதப்பினோம் என்பது அவர்களுக்கு அதிகம் உதவும் என்று தோன்றியது. அதனால் இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

யோசனை வந்த விதம்

எங்கள் குழு பெரிய அமைப்பு ஒன்றுமில்லை. அதற்குப் பெயர்கூட இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எல்லோருக்கும் அவர் ஐயா. நூலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. பென்னாகரம் பக்கம் நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்தும் டீச்சர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை செய்துவிட்டு வாரக் கடைசியில் ஓசூர் வழியாக வந்து இறங்கும் ஒரு தம்பி. அப்புறம் நான். ஞாயிறு மாலை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து படித்ததைப் பேசுவோம்.

ஒரு ஞாயிறு அந்தத் தம்பி ஓர் அமெரிக்க அம்மாவைப் பற்றிச் சொன்னான். சார்லட் ஸோலோடோவ். 1938-இல் ஹார்ப்பர் பதிப்பகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர். நகரத்துப் பூங்கா ஒன்றை வைத்துக் குழந்தைகளுக்குப் புத்தகம் போடலாமே என்று மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். "அதை நீயே எழுது" என்று பதில் வந்திருக்கிறது. 1944-இல் அது புத்தகமானது. அதன்பிறகு எழுத்தாளராகவும் பதிப்பாசிரியராகவும் அதே பதிப்பகத்தோடு பல பத்தாண்டுகள் இருந்து, தன் பெயரிலேயே ஒரு நூல்வரிசை நடத்தி, 1991-இல் ஓய்வு பெற்றார். 2013-இல், 98 வயதில் காலமானார். அவர் படித்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், மேடிசன் நகரில், குழந்தை நூல்களுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அந்த மையம் 1998-இலிருந்து அவர் பெயரில் ஆண்டுச் சொற்பொழிவு நடத்துகிறது. படப் புத்தகத்தின் எழுத்துக்கென்று ஒரு விருதும் கொடுக்கிறது. அங்கே படத்துக்கு விருது உண்டு, கதைக்கு விருது உண்டு. படத்துக்குக் கீழே இருக்கும் நாலு வரிக்கு விருது என்றதும் எனக்குக் காது நிமிர்ந்தது.

அக்கா கேட்டார்: "அந்தம்மா எழுதுனதுக்கு மரியாதையா, திருத்துனதுக்கு மரியாதையா?"

"ரெண்டுக்கும்தான்க்கா."

"நம்ம ஊர்ல திருத்துனவருக்கு யாராவது மேடை போட்டிருக்காங்களா?"

ஐயா உடனே உ.வே.சா. என்றார். சி.வை. தாமோதரம் பிள்ளை என்றார். தப்பில்லை. ஆனால் அங்கேதான் எங்களுக்கு ஒரு முடிச்சு இருப்பது தெரிந்தது. தமிழில் பதிப்பாசிரியர் என்றதும் நம் கண்ணுக்கு வருபவர் ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தவர், செல்லரித்ததைக் காப்பாற்றியவர், விட்டுப்போன சொல்லை மீட்டுப் போட்டவர். மொத்தத்தில் சேர்ப்பவர். குழந்தை நூலின் பதிப்பாசிரியருக்கு நேர் எதிர் வேலை. அவர் எடுப்பவர். எடுத்தது வெளியே தெரியாது. தெரிந்தால் அவர் சரியாக எடுக்கவில்லை என்று அர்த்தம். இப்படிப்பட்டவருக்கு விழா எடுப்பது எப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க எங்களுக்கு மூன்று வருடம் ஆனது.

சொல்லிலும் ஒரு சிக்கல். ஆசிரியர் என்றால் பள்ளிக்கூட வாத்தியாரும் ஆசிரியர், நூல் எழுதியவரும் ஆசிரியர், பத்திரிகை நடத்துபவரும் ஆசிரியர். பதிப்பாசிரியர் என்று எழுதிக் கொடுத்தால் ஃபிளெக்ஸ் அடிப்பவர் 'பதிப்பாளர்' என்று அடித்துக் கொண்டுவருவார். எங்களுக்கு அதுவும் நடந்தது. கூட்டத்துக்கு வந்த ஒருவர், "இவர் எந்தப் பதிப்பகம் வெச்சிருந்தார்?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

யார் பெயர்

மூன்று பெயர் வந்தது. முதலில் அழ. வள்ளியப்பா. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர், பின்னாளில் 'கோகுலம்' ஆசிரியராக இருந்தவர். அடுத்து வாண்டுமாமா. 'கோகுலம்', 'பூந்தளிர்' என்று எங்கள் தலைமுறையின் கோடை விடுமுறைகளை நிரப்பியவர். டீச்சர் அவர் பக்கம் உறுதியாக நின்றார். மூன்றாவது பெரியசாமித் தூரன்.

தூரன் ஈரோடு பக்கத்துக்காரர். மொடக்குறிச்சிக்கு அருகே மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்தவர். தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்துக்கு முதன்மைப் பதிப்பாசிரியர். முதல் தொகுதி 1954-இல் வந்தது, பத்தாவது தொகுதி 1968-இல். அந்த வருடமே அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. வயது அறுபது. இன்னொருவராக இருந்தால் சால்வையை மடித்து வைத்துவிட்டு ஓய்வெடுத்திருப்பார். அவரோ அதே 1968-இல் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். அதுவும் பத்துத் தொகுதி. முடிய 1976 ஆனது. பெரியவர்களுக்காகப் பதினான்கு வருடம் தொகுதிகளைக் கொண்டுவந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு குழந்தைகளுக்காக இன்னொரு எட்டு வருடம் உட்கார்ந்திருக்கிறார்.

வள்ளியப்பாவின் பாட்டு ஏதாவது ஒன்று எல்லோருக்கும் மனப்பாடம். வாண்டுமாமாவின் கதை சொல்ல ஆள் இருக்கிறது. கலைக்களஞ்சியத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. அதனாலேயே தூரன் என்று முடிவு செய்தோம். வாண்டுமாமாவுக்காக டீச்சர் இன்றைக்கும் என்னோடு சண்டை போடுகிறார். அதில் நியாயமும் இருக்கிறது.

முதல் ஆண்டு

தூரன் பிறந்த நாள் செப்டம்பர் 26. அன்றைக்கே வைத்தோம். காலாண்டுத் தேர்வு நேரம் என்பது, குழுவில் ஒரு தலைமையாசிரியரும் ஒரு டீச்சரும் இருந்தும், யாருக்கும் உறைக்கவில்லை. குழந்தை நூலைப் பற்றிய கூட்டத்துக்கு வந்த குழந்தைகள் மூன்றே பேர். அதில் ஒன்று என் பையன். வாடகை நாற்காலி நூறு எடுத்திருந்தோம். முப்பத்தைந்தைத் தாண்டவில்லை.

வாழ்த்துரை ஏழு பேருக்கும் தலைக்கு ஐந்து நிமிடம் என்று பேச்சு. எங்கள் ஊரில் மேடை ஏறினால் தகடூரில் தொடங்கி அதியமானுக்கு வந்து, ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். அன்றைக்கு நான்கு பேர் நெல்லிக்கனி கொடுத்தார்கள். நான்காவது ஆள் சங்ககால ஔவையையும் ஆத்திசூடி பாடிய ஔவையையும் ஒருவராக்கி, குழந்தை இலக்கியம் தருமபுரியில்தான் பிறந்தது என்று முடித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும்தான் தட்டினேன்.

சிறப்புரையாளர் நன்றாகப் படித்தவர், நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மைக் அவர் கைக்குப் போகும்போதே ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. தூரனின் கீர்த்தனைகளைப் பாடியே காட்டினார். பகத்சிங் தூக்கிலிடப்பட்ட 1931-இல் தூரன் பட்டத் தேர்வை எழுதாமல் விட்டதைச் சொன்னார். 'சுதேசமித்திரன்' பழைய இதழ்களில் கிடந்த பாரதியின் எழுத்துகளைத் தேடித் தொகுத்ததைச் சொன்னார். எல்லாமே கேட்க வேண்டிய விஷயங்கள். குழந்தைகள் கலைக்களஞ்சியத்துக்கு வந்தபோது மண்டபத்துக்காரர் வாசலில் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். எட்டு வருட உழைப்புக்குக் கிடைத்தது மூன்று நிமிடம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். மண்டபம், மைக் செட், நாற்காலி, பொன்னாடை, ஃபிளெக்ஸ், டீ, வடை. பொன்னாடைக்குப் போன பணம் டீ, வடைக்குப் போனதைவிட அதிகம். புத்தகத்துக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. அந்தக் களஞ்சியத்தின் ஒரு தொகுதியைக்கூட அன்றைக்கு மேடையில் யாரும் காட்டவில்லை என்பது ராத்திரி படுத்தபிறகுதான் ஞாபகம் வந்தது.

இரண்டாம் ஆண்டு

ஐயா வீட்டுப் பரணில் ஒரு தொகுதி கிடைத்தது. முதுகு அட்டையை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது, உள்ளே படங்கள் பரவாயில்லை. மற்றவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கின்றன. பெரிய கலைக்களஞ்சியமும் அங்கேயே இருக்கிறது. தேவையான பக்கங்களை என் கடையிலேயே அச்செடுத்தேன்.

தேதியை மாற்றினோம். தூரன் 1987 ஜனவரி 20-இல் காலமானார். பொங்கல் முடிந்த வாரம். பரீட்சை கிடையாது. ஆனால் இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பவர்கள். பொங்கலுக்கு வந்தவர்கள் அந்த வாரம்தான் திரும்பிப் போவார்கள். பிள்ளைகள் பாட்டியிடம் விடப்படும் வாரம் அது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமைப் பகலை நிரப்ப ஏதாவது இருந்தால் பாட்டிகள் சந்தோஷமாகவே அனுப்புகிறார்கள். இதை நாங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை. தானாக அமைந்தது. நவம்பர் 14 வேண்டாம் என்றது மட்டும் திட்டம். அன்றைக்கு எல்லாப் பள்ளிக்கூடத்திலும் விழா, எந்தப் பிள்ளையும் கிடைக்காது.

அழைப்பிதழில் மூன்று பெயர். தூரன், பேசுபவர், இடம் கொடுத்த பள்ளி. விட்டுப்போனவர்களில் இரண்டு பேர் இன்றும் என் கடைக்கு வருவதில்லை. ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எதிர்க் கடைக்குப் போனது. தொழிலில் இது நிஜமான நஷ்டம். தொடங்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேச வந்தவரிடம் நாற்பது நிமிடம் என்று சொல்லி, அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு என்று வைத்தோம். டீச்சர் சொன்ன யோசனை இது. பெரிய கலைக்களஞ்சியத்திலிருந்து யானை பற்றிய பக்கத்தை ஆளுக்கொன்று கொடுத்து, கையில் பென்சிலும் கொடுத்து, "உங்க தம்பிக்குப் படிச்சுக் காட்டணும். வேண்டாததை அடிங்க" என்றார். அவ்வளவுதான்.

பிள்ளைகள் கடினமான சொற்களை எல்லாம் அடித்துவிடுவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அடிக்கவில்லை. புரியாத சொல்லாக இருந்தாலும் வாயில் உருட்டிப் பார்க்க நன்றாக இருந்தால் வைத்துக்கொண்டார்கள். எளிமையாகவே எழுதியிருந்தாலும் ஒன்றும் சொல்லாத வாக்கியத்தை இரக்கமில்லாமல் அடித்தார்கள். எளிமை என்றால் சின்னச் சின்னச் சொல் என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பஞ்சப்பள்ளிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஓரத்தில் எழுதியிருந்தான்: 'எங்க காட்டுக்கு ராகி தின்ன வரும். அதையும் போடணும்.' அப்புறம் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பக்கங்களை விரித்து வைத்தோம். தாங்கள் அடித்ததை அந்தத் தாத்தாவும் விட்டிருக்கிறாரா என்று பரீட்சை விடை சரிபார்ப்பதுபோல ஒப்பிட்டார்கள்.

சொற்பொழிவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நன்றாகவே பேசினார். ஆனால் என்னிடம் மிஞ்சியது அந்தப் பென்சில் கோடுகள்தான்.

மூன்றாம் ஆண்டு: தண்ணீர்

இது கொஞ்சம் நீளும்.

அந்த வருடம் பிள்ளைகளையே எழுதச் சொன்னோம். நம் ஊருக்கு ஒரு குழந்தைகள் கலைக்களஞ்சியம் இருந்தால் அதில் என்னென்ன தலைப்பு வரும்? புளி வந்தது, பட்டுக்கூடு வந்தது, சாமை, தொப்பூர் கணவாய், பாலக்கோட்டுத் தக்காளி மண்டி, பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா கடைசியாக இருந்த இடம் எல்லாம் வந்தன. பென்னாகரம் பக்கத்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எடுத்த தலைப்பு 'தண்ணீர்'.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் நிலத்தடிப் பாறையில் இருக்கும் புளோரைடு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் கெடுதல். பல் உருவாகும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் பல்லில் கறை விழும். தேய்த்தாலும் போகாது. பல வருடம் குடித்தால் எலும்பையும் பிடிக்கும், முதுகு வளையாது. ஒகேனக்கலிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் ஓடத் தொடங்கியது இதற்காகத்தான்.

அந்தப் பெண் எழுதிய முதல் வரி: 'எங்க ஊர்த் தண்ணி பல்லைக் கறுப்பாக்கும்.' டீச்சர் அதைப் படித்துவிட்டு, விழாவுக்குப் போகிற கட்டுரையாயிற்றே என்று, 'சில பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதியால் பற்களில் கறை ஏற்படுகிறது' என்று மாற்றியிருந்தார். நான் டைப் செய்து, மெய்ப்புப் பார்த்து, எழுத்துப் பிழை இல்லை என்று திருப்திப்பட்டேன்.

அந்த வருடம் பேச அழைத்திருந்தது குழந்தைகளுக்கான புத்தகங்களைத் திருத்தும் வேலையில் பல வருடம் இருந்த ஓர் அம்மா. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. அழைத்தபோதே, "எனக்குப் பேச வராதுங்க. திருத்தத்தான் வரும்" என்றார். அப்போது எனக்குப் பொறி தட்டியது. "அதையே மேடையில செய்யுங்கம்மா" என்றேன். மூன்று வருடமாகத் தேடிய பதில் அப்படித்தான் கிடைத்தது.

புரொஜெக்டரில் கட்டுரையைப் போட்டோம். அந்தப் பெண்ணை அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக்கொண்டார். எதிரே அறுபது எழுபது பேர். முதலில் அவர் கேட்டது, "இது நீ எழுதின வரியா கண்ணு?"

பெண் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லைங்க மிஸ். நான் வேற எழுதியிருந்தேன்."

பழைய வரியைச் சொல்லச் சொல்லி அதைத் திரையில் மேலே போட்டார். 'சில பகுதிகளில்' என்பதை அடித்தார். "சில பகுதின்னா எங்க? படிக்கிற பிள்ளை தன் ஊரைத் தேடும். இருக்கிற ஊர்ப் பேரை மறைச்சா அது களஞ்சியம் இல்ல" என்றார். அப்புறம் அவளிடம் திரும்பி, "கறுப்பா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கறுப்பு இல்ல மிஸ். காவி. எங்க தாத்தாவுக்குப் பழுப்பு. எனக்கு வெள்ளைத் திட்டுதான் இருக்கு" என்று உதட்டைத் தூக்கிக் காட்டினாள். கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

'கறுப்பு' போய் 'காவி' வந்தது. முதல் வரி: 'எங்க ஊர்த் தண்ணி பல்லைக் காவியாக்கும்.' 'எங்க', 'தண்ணி' இரண்டையும் எழுத்து நடைக்கு மாற்ற வேண்டாமா என்று ஐயா எழுந்து கேட்டார். "மாத்தலாம். மாத்தினா யார் பேசுறாங்கன்னு தெரியாமப் போகும். நீங்களே சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. ஐயா உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருடம் சிவப்பு மையால் திருத்திய மனிதர் அவர்.

கட்டுரையின் கடைசியில் 'எனவே தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும்' என்று இருந்தது. டீச்சர், நான், ஐயா மூன்று பேரும் படித்துத் தாண்டிப்போன வரி. நல்ல வரி மாதிரிதானே இருக்கிறது? "இதை யாரைக் கேட்டு எழுதின?" என்றார். பாடப் புத்தகத்தில் தண்ணீர் என்றால் காய்ச்சிக் குடி என்றுதான் வரும் என்று பெண் சொன்னாள். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். கூட்டத்தில் இருந்த அறிவியல் ஆசிரியர் ஒருவர் எழுந்து இதை உறுதிப்படுத்தினார். அதாவது கேடு செய்யக்கூடிய ஒரு வாக்கியத்தை நாங்கள் மூன்று பேர் எழுத்துப் பிழை இல்லாமல் அச்சுக்கு அனுப்பியிருந்தோம். அந்த வரியை அவர் அடிக்கவில்லை. "இதுக்கு என்ன போடணும்னு நீ கேட்டுட்டு வா" என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டார்.

இரண்டு பக்கக் கட்டுரை ஒன்பது வரி ஆனது. ஐம்பது நிமிடம் பிடித்தது. சொற்பொழிவு என்று தனியாக எதுவும் நடக்கவில்லை. வெளியே டீ குடிக்கும்போது, காரிமங்கலத்திலிருந்து வந்த ஒருவர், "என்னங்க, பேச்சாளரே வரலையா?" என்று கேட்டார்.

நான்காம் ஆண்டு

மூன்றாம் ஆண்டு பேச்சு ஊரில் பரவியது. வசதியான ஒருவர் கடைக்கு வந்தார். மண்டபம், சாப்பாடு, வெளியூரிலிருந்து பெரிய பேச்சாளர், எல்லாச் செலவும் தன்னுடையது என்றார். தன் அப்பா பெயரையும் தூரன் பெயரோடு சேர்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அவருடைய அப்பா ஊருக்கு நல்லது செய்தவர். ஐயாவுக்கும் எனக்கும் இதில் முதல்முறையாகப் பெரிய தகராறு. "பணம் இருந்தா நூறு பிள்ளைக்கு மதியச் சோறு போடலாம் தம்பி" என்றார் அவர். அவர் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி என்றே இன்னும் நினைக்கிறேன். ஒரு பெயரைச் சேர்த்தால் அடுத்த வருடம் பதினேழு வந்து நிற்கும்.

வேண்டாம் என்று சொன்னோம். பத்து நாளில், முதலில் ஒப்புக்கொண்டிருந்த ஒரு பள்ளி அரங்கம் இல்லை என்றது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நிரூபிக்க முடியாது. ஊர் பேசியது. கடைசியில் அக்காவுக்குத் தெரிந்த ஒருவரின் தோட்டத்தில் புளியமரத்தடியில் நடத்தினோம். புரொஜெக்டர் வெயிலில் வேலை செய்யாது என்பதால் பழைய கரும்பலகை. கூட்டம் பாதியாகக் குறைந்தது. தலைப்பு 'புளி'. மேலேயிருந்து பழம் உதிர்ந்துகொண்டே இருந்ததால் பிள்ளைகளின் கவனம் எங்கே இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. அந்த வருடச் செலவு முதல் ஆண்டில் பொன்னாடைக்குப் போன தொகையைவிடக் கொஞ்சம்தான் கூட.

எட்டாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் வருவது நின்றுபோனது எங்களை உறுத்துகிறது. டீச்சர் வீட்டுக்கு வீடு போய்க் கேட்டும் இரண்டு பேர்தான் வந்தார்கள். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் பென்சில் நேரத்தில் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அதற்கும் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. கிருஷ்ணகிரிக்காரர்கள், முக்கியமாக ஓசூர் பக்கம் நடத்துவதாக இருந்தால், இதை முதல் நாளே யோசியுங்கள். மேடிசனில் நடக்கும் சொற்பொழிவுக்குப் பின்னால் ஒரு நூலகமும் சம்பளத்துக்கு ஆட்களும் இருக்கிறார்கள். பேச்சு முடிந்த மறுநாளும் அங்கே போய்ப் புத்தகத்தைத் தொடலாம். எங்கள் கூட்டம் முடிந்தால் ஷட்டர்தான். அச்செடுத்த பக்கங்களையும் ஐயாவின் அந்த ஒரு தொகுதியையும் அக்கா நூலகத்தில் ஒரு மேஜைமேல் கொஞ்ச நாள் வைத்திருந்தார். பிறகு மேஜை வேறு வேலைக்குப் போய்விட்டது.

இன்னொன்று இருக்கிறது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதிப்பாசிரியர் ஒருவர் பெயரால் நான்கு வருடம் கூட்டம் நடத்தி ஒரு சின்னப் புத்தகம்கூட நாங்கள் போடவில்லை. அச்சுக் கடைக்காரன் நானே குழுவில் இருந்தும். முதல் வருடப் பதிவு என் பழைய போனோடு போனது. இரண்டாம் வருடம் பதிவு செய்யவே இல்லை. மூன்றாம் வருடத்தை மட்டும் அந்தப் பெங்களூர்த் தம்பி முழுதாகப் பதிவு செய்து, கேட்டுக் கேட்டு எழுதி அனுப்பினான். 41 பக்கம். ஒரு வருடமாக என் மேஜையில் கிடந்தது.

தண்ணீர் கட்டுரை எழுதிய பெண் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். வரும் இரண்டு பேரில் ஒருத்தி அவள். போன மாதம் பாட்டியோடு டவுனுக்கு வந்தவள் கடைக்கு வந்து, "புக் எப்பண்ணா வரும்?" என்று கேட்டாள். 41 பக்கத்தைக் காட்டினேன். பென்சில் வாங்கிக்கொண்டு கல்லா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பாட்டி சந்தைக்குப் போய் வருவதற்குள் ஆறு பக்கம் பார்த்துவிட்டாள். அதன்பிறகு இரண்டு சனிக்கிழமை வந்தாள். காய்ச்சும் வரிக்குப் பதிலாக எழுதிக்கொண்டு வந்ததை ஓரத்தில் சேர்த்திருக்கிறாள்: 'காய்ச்சினாலும் போகாது. ஆத்துத் தண்ணி வரும் குழாயில் பிடிங்க. எந்தக் குழாய்னு பெரியவங்களைக் கேளுங்க.'

முதல் பக்கத்தில் என் வரவேற்புரை இருக்கிறது. முக்கால் பக்கம். நல்ல தமிழ் என்று நானே நினைத்துக்கொண்டது. தகடூரில் தொடங்கி நெல்லிக்கனி வரைக்கும் போகிறது. அதைச் சுற்றி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்திருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இது வேணுமாண்ணா?" என்றாள்.

இப்போது 40 பக்கம்.